தோளுக்குக் கீழே

வாழைப்பூ ஆயும்போது யாரும் என்னிடம் பேசக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம், போட்டது நான்தான். பேசியே பிழைக்கிறவளுக்கு ஒரு நாளில் கொஞ்ச நேரமாவது வாய்க்கு ஓய்வு வேண்டாமா. விரலில் நல்லெண்ணெய் தடவியாயிற்று, முறத்தை இழுத்துப் போட்டாயிற்று. மடலை உரித்துப் பூக்களைச் சீப்பாக எடுத்து, நுனியை உள்ளங்கையில் ஒரு தேய் தேய்த்தால் மலர்ந்து கொடுக்கும், நடுவில் குண்டூசி மாதிரித் தலையைத் தூக்கிக்கொண்டு விறைப்பாக நிற்கிறானே, அவன் ஒருத்தனை மட்டும் பிடுங்கிப் போட வேண்டும். கள்ளன் என்று அவனுக்குப் பேர். எவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தாலும் வேக மாட்டான், ஒருத்தன் தப்பினாலும் சாப்பிடுகிறவர் பல்லில் மாட்டி ஆய்ந்தவளைக் காட்டிக்கொடுத்துவிடுவான். பதினொரு மணிக்காரர் இப்போதுதான் பேசி முடித்துவிட்டுப் போனார். போனார் என்கிறேன், எங்கே போனார், அவர் இருந்த இடத்தில் அவர் இருந்தார், நான் இருந்த இடத்தில் நான், திரையில் அவர் முகம் இருந்த சதுரம் கறுப்பாயிற்று, அதைத்தான் போனார் என்று சொல்லப் பழகியிருக்கிறேன். நான் கவுன்சிலர். வார்டு கவுன்சிலர் இல்லை. இந்தக் குடியிருப்புக்குக் குடிவந்த புதிதில் கதவில் பெயர்ப்பலகையை மாட்டிய மறுநாளே கீழ்வீட்டு அம்மா வந்து சாக்கடை அடைத்துக்கொண்டிருப்பதைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார், நான் என் வழக்கப்படி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன், கடைசியில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த அளவுக்குக் காது குடுத்துக் கேட்ட கவுன்சிலர் நீங்க ஒருத்தர்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். சாக்கடை அப்படியேதான் இருந்தது. மனசுக்குக் கவுன்சிலர் என்று புரிந்த பிறகு அவர் என் வாசல் பக்கமே வருவதில்லை, வந்தால் பார்க்கிறவர்கள் ஏதாவது நினைப்பார்களாம். திருச்சியில் இருந்துகொண்டு முகம் தெரியாத ஊர்களில் இருப்பவர்களிடம் கணினி வழியாகப் பேசுகிறேன் என்பதை என் வீட்டுக்காரரே இன்னும் முழுசாக நம்பவில்லை. ராஜமாணிக்கம் கூடத்தில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார், பணி ஓய்வுக்குப் பிறகு அவருக்கு அதுதான் உத்தியோகம். "கம்ப்யூட்டர்ல கூடவா அழுவாங்க?" என்று முதல் நாள் கேட்டார். அழுவார்கள். அதில் என்ன அதிசயம் என்றால், நேரில் அழுததைவிட நன்றாகவே அழுகிறார்கள்.

நேரில் அழுதவர்களையும் பார்த்தவள்தானே நான். மருத்துவமனை ஒன்றில், எக்ஸ்ரே அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் எல்லோரும் எக்ஸ்ரே கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், என் கதவு திறந்து பெயரைக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுவது போல எழுந்து வருவார்கள். ஆனால் அங்கே எனக்கு முழு மனுஷர் கிடைத்தார்கள். வாசலிலிருந்து நாற்காலிக்கு நடந்து வருவதற்குள் பாதி தெரிந்துவிடும், செருப்பை எப்படிக் கழற்றுகிறார், பையின் வாரை எப்படி முறுக்குகிறார், காலை வேளையிலேயே வாயில் என்ன வாடை, தலைக்குக் குளித்து எத்தனை நாளாயிற்று. இப்போது எனக்குத் தோளுக்கு மேலேதான் ஆட்கள். தோளுக்குக் கீழே என்ன நடக்கிறது, கை நடுங்குகிறதா, மடியில் என்ன வைத்திருக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. வாடை கிடையாது. ஊர் தெரியாது, தெரு தெரியாது, தொலைபேசி எண்ணைக்கூட நிறுவனம் மறைத்துத்தான் வைக்கும். இது என்ன கண்றாவி வேலை என்று முதல் மாதம் நினைத்தேன். பிறகு யார் யாரெல்லாம் வருகிறார்கள் என்று பார்த்தேன். விடுதியில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, அவர்களோடு சிரித்துக்கொண்டே எனக்கு மட்டும் தட்டச்சில் தன் நரகத்தை எழுதிய பெண். துபாயில் குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் பேசிய புது மருமகள். ஊரே காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிற பெரியவர் ஒருத்தர், கேமராவை அணைத்துவிட்டு வெறும் குரலாக வந்து, "எனக்குப் பயமாயிருக்கும்மா" என்றார். இவர்களில் ஒருத்தர்கூட அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நடுவில் இணைப்பு விட்டு விட்டு வரும், முகம் பாதிக் கொட்டாவியில் உறைந்து நிற்கும், அழுகையின் உச்சத்தில் "கேக்குதா மேடம், நான் பேசுறது கேக்குதா?" என்பார்கள். இந்த வேலையில் நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். வீட்டில் இருப்பவர்களிடம் கேட்க முடியாமல் போன கேள்வியை, நெட்வொர்க் சரியில்லை என்கிற சாக்கில் என்னிடம் கேட்கிறார்கள் என்று தோன்றும். கேட்குது, நல்லா கேட்குது என்பேன்.

பதினொரு மணிக்காரர் பேர் ஆவுடையப்பன். பேரை வைத்தும் பேச்சை வைத்தும் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரியுமே தவிர எந்த ஊர் என்று தெரியாது. கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர், சின்னதாக ஒரு டிரைவிங் ஸ்கூல், ஒரே கார். அந்தக் காருக்குள் உட்கார்ந்துதான் ஒவ்வொரு வாரமும் என்னிடம் பேசுவார், வீட்டில் தெரியாது. அந்தக் காரில் இடப்பக்கமும் ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொடுப்பவருக்கு. ஸ்டியரிங் மாணவர் கையில், இவருக்கு உள்ளது அந்த பிரேக் மட்டும். ஒரு நாள் ஒரு டீச்சரம்மா ஓட்டிக்கொண்டிருந்தபோது சைக்கிள்காரர் குறுக்கே திரும்பிவிட்டார், இவர் மிதித்தார், மிதித்தது ஒரு மூச்சு தாமதம். சைக்கிள்காரருக்குக் கால் முறிந்து, கூடி, இப்போது நன்றாக நடக்கிறார். டீச்சரம்மா லைசென்ஸ் வாங்கிவிட்டார். இவருடைய வலது கால்தான் அந்த இடத்தை விட்டு இன்னும் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் மிதிக்கும். தூக்கத்தில் மிதிக்கும். மாணவர் வண்டியை எடுத்த உடனேயே மிதித்துவிடும், "வண்டி நகரவே மாட்டேங்குது சார்" என்று சொல்லி ஒவ்வொருத்தராக வேறு ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் அவருடைய சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். மூன்றாவது வாரமோ என்னவோ, கேட்டுவிட்டேன், அந்தக் காலை எனக்குக் காட்ட முடியுமா என்று. பதறிவிட்டார். "காலையா? உங்களுக்கா? அதெப்படி மேடம், வயசுல பெரியவங்க, முகத்துக்கு நேரா காலைக் காட்டச் சொல்லுதீக." மருத்துவமனை அறையில் நான் கேட்டிருந்தால் அவர் எழுந்தே போயிருப்பார். இங்கே ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு விரலால் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தப்பா நெனைக்காதீக" என்று செல்பேசியைக் கீழே இறக்கி, பிரேக் பெடல் பக்கம் சாய்த்து வைத்தார். அன்றைக்கு மின்சாரம் இல்லை, நானும் என் செல்பேசியில்தான் பேசிக்கொண்டிருந்தேன். என் உள்ளங்கைக்குள் அந்தக் கால். ரப்பர் செருப்பு, பெருவிரல் நகத்தில் ஒரு கறுப்பு, நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு அது பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது, எஞ்சின் ஓடாத, எங்கும் போகாத ஒரு வண்டியின் பிரேக்கை. நான் இத்தனை வருஷம் இந்த வேலையில் இருக்கிறேன், ஒரு மனுஷனின் பயத்தை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. எந்த ஊர் என்று தெரியாத ஒருத்தருடைய பாதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். "கேக்குதா மேடம்?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. பார்க்கிறேன் என்றேன்.

எண்ணெய் காய்ந்துவிட்டது, இன்னும் ஒரு சொட்டு விட்டுக்கொள்ள வேண்டும். உள்மடல்கள் வர வர பூ சின்னதாகும், கள்ளனும் சின்னதாவான், கண் பத்தாது. இன்றைக்கு அவர் காரில் இல்லை. பின்னால் ஒரு பச்சைச் சுவரும் கொடியில் தொங்கிய துண்டும் தெரிந்தன, வீட்டு அறை போலிருந்தது, குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். நன்றாகத்தான் பேசினார். அதிகம் பேசவில்லை. கால் எப்படி இருக்கிறது என்றேன், "அது கெடக்கு மேடம்" என்றார். நேரம் முடிகிறது என்று நினைவூட்டினேன். "சரி மேடம், ரொம்ப நன்றி, நான் போறேன்" என்றார், சதுரம் கறுப்பாயிற்று, நான் எழுந்து இங்கே வந்து... என்ன சொன்னார்? விரல் நின்றுவிட்டது. நான் போறேன் என்றார். வாரேன் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் வாரேன் மேடம் என்பார், திருச்சிக்காரி எனக்கு வரேன், அவருக்கு வாரேன், அந்த வா-வை அவர் நீட்டுவது எனக்குப் பிடிக்கும், அதற்காகவே கடைசி நிமிஷத்தைக் கொஞ்சம் எதிர்பார்த்திருப்பேன் என்றுகூடச் சொல்லலாம். ஒரு தடவை அதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. கூட்டத்தை விட்டுப் போவதற்கான பொத்தானில் நிறுவனத்துக்காரர்கள் தமிழில் 'வெளியேறு' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். "பாருங்க மேடம், இந்த மெஷினு மரியாதை இல்லாம வெளியேறுங்குது, வாரேன்னு ஒரு பொத்தான் வச்சா கொறஞ்சா போயிருவாங்க" என்றார், இரண்டு பேரும் சிரித்தோம். வாரேன் என்று ஒரு பொத்தான் வேண்டும் என்று கேட்ட ஆள் போறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சாவு வீட்டில் மட்டும்தானே நாம் ஒன்றும் சொல்லாமல் கிளம்புகிறோம், மற்ற இடத்திலெல்லாம், கடைக்குப் போனாலும், பக்கத்துத் தெருவுக்குப் போனாலும், சண்டை போட்டுக்கொண்டு போனாலும்கூட வரேன் என்றுதானே சொல்லித் தொலைக்கிறோம். வாய் தவறியிருக்கும். வாய் தவறுமா? பிறந்ததிலிருந்து சொல்லி வருகிற வார்த்தை, யோசித்துச் சொல்வதில்லை, அது பாட்டுக்கு வரும். அது பாட்டுக்கு வருகிற ஒன்று வராமல் போனால் அதற்கு ஏதோ ஒன்று குறுக்கே நின்றிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். ஏன் இன்றைக்கு வீட்டிலிருந்து பேசுகிறீர்கள் என்று ஆரம்பத்திலேயே கேட்டேன். அப்போது குரல் விட்டு விட்டு வந்தது. "வண்டியை... க்கு... குடுத்துட்டேன் மேடம்." குடுத்துட்டேன் மட்டும் தெளிவாகக் கேட்டது. யாருக்கு? எதற்கு? கேட்டிருக்க வேண்டும், நான் அவருடைய குரலை மீட்பதிலேயே இருந்தேன், கேக்குதா, இப்ப கேக்குதா என்று. அந்தக் காரை எப்படிக் கொடுப்பார்? அவருக்கு இருப்பதே அது ஒன்றுதான். தன் பொருளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறவர்களைக் கவனிக்கச் சொல்லி நானே புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன், கடிகாரம், சைக்கிள், வளர்க்கிற நாய்க்குட்டி. போன மாதம் ஒரு தடவை, "நான் ஒரு ஆளு இல்லன்னா வண்டி நல்லா ஓடும் மேடம்" என்றார். நேராகவே கேட்டேன், செத்துப்போகணும்னு தோணுதா என்று, இதைச் சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். "சேச்சே, நான் வண்டியைல்லா சொன்னேன்" என்று சிரித்தார். சிரித்தது தோளுக்கு மேலே. அந்த நேரம் கால் என்ன செய்துகொண்டிருந்ததோ. எழுந்தேன், எண்ணெய்க் கையோடு செல்பேசியை எடுத்தேன், அது என் விரலை ஏற்க மறுத்தது, முந்தானையில் துடைத்து, மறுபடி அழுத்தி, அவசரத்துக்கு என்று அவர் கொடுத்திருந்த எண்ணை நிறுவனத்திலிருந்து வாங்கி அழைத்தேன். வீட்டில் யாருடைய எண்ணாவது கொடுங்கள் என்றால் எல்லோரும் செய்கிற காரியத்தைத்தான் அவரும் செய்திருக்கிறார், தன்னுடைய ஸ்கூல் போன் எண்ணையே கொடுத்திருக்கிறார். தனக்கு ஏதாவது ஆனால் தன்னையே கூப்பிடச் சொல்லி. பதிவுசெய்த பெண்குரல் வந்தது, நீங்கள் தொடர்பு கொள்ளும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது. மறுபடி அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது. விளக்கை அணைப்பது, பிள்ளையை அணைப்பது, இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் எப்படித்தான் நிம்மதியாக இருக்கிறோமோ, யாராவது அவரை அணைத்து வைத்திருக்கட்டும், அந்த அர்த்தமாகவே இருக்கட்டும். நிறுவனத்தில் இருந்த பெண் நல்ல பெண், பதற்றமில்லாமல் கேட்டுக்கொண்டாள். அவருடைய சொந்த எண்ணுக்கு அவர்களே அழைக்கிறார்களாம், எடுக்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று அவர்களுக்கு வழிமுறை இருக்கிறதாம், நான் அவருக்காகத் திரையில் நாங்கள் பேசுகிற அந்த அறையைத் திறந்தே வைத்துக் காத்திருக்க வேண்டுமாம். காத்திருக்கிறேன். கதவு எந்த ஊரில் இருக்கிறது என்று தெரிந்தால் ஓடிப்போய்த் தட்டியிருப்பேன். அவருக்காவது ஒரு பிரேக் இருந்தது, அதை மிதிக்க ஒரு கால் இருந்தது. எனக்கு என்ன இருக்கிறது, ஒரு சதுரம்.

மேசைமேல் மடிக்கணினி திறந்தபடியே இருக்கிறது, கறுப்புச் சதுரத்துக்குப் பக்கத்தில் என் முகம் மட்டும், நிறுவனம் வைத்த கெடு முடிந்து மணி அடிக்கும் வரை இந்த அறை மூடாது. அதையே பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன், கை சும்மா இருந்தால் மனசு இன்னும் மோசமாகப் போகும். ஒன்றைப் பிடுங்கினேன். பச்சைச் சுவர். கொடியில் துண்டு. இன்னொன்று. மேலே மின்விசிறி தெரிந்ததா? தெரியவில்லை, தெரியவில்லை, அதற்குள் ஏன் மனசு அங்கே போகிறது. ராஜமாணிக்கம் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு நின்றார். "என்ன வாசுகி, பூவைத் தூக்கிட்டு இங்க வந்துட்ட? மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கா இப்படி வேர்த்திருக்கு?" சொல்ல முடியாது. யார், என்ன, எதுவும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றுதான் அந்த ஜனங்கள் என்னிடம் வாயைத் திறக்கிறார்கள். "சரியான அழுத்தக்காரிடி நீ" என்றார் அவர், கோபமாக இல்லை, பாதி கேலியாக. கல்யாணமான புதிதில் அவர் அம்மா எனக்கு வைத்த பேர் அது, வாயைத் திறக்காதவள் என்று அர்த்தம். ஆவுடையப்பனுக்கும் அவர் மனைவி அதே பேர்தான் வைத்திருக்கிறாளாம். உங்களுக்கு இருப்பது மன அழுத்தம் என்று நான் முதல் வாரம் சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது, "நீங்களும் அதையே சொல்லுதீகளே மேடம், வீட்டுலயும் அழுத்தக்காரன்னுதான் ஏசுதா" என்றார். மனசை அழுத்துகிற நோய்க்கும் மனசை அழுத்தி வைத்துக்கொள்கிற குணத்துக்கும் ஒரே வார்த்தை, நான் ஆறுதலாகச் சொன்னது அவருக்கு வசவாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அதைச் சரிசெய்ய அன்றைக்குப் பேசும் நேரம் முழுசும் ஆயிற்று. ராஜமாணிக்கம் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, எனக்குப் பக்கத்தில், ஆனால் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "நான் பாக்கல, கேக்கல. சும்மா உக்காந்திருக்கேன்" என்றார். பூ ஒன்றை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். அவருக்குத் தேய்க்கத் தெரியாது, பூவையே கசக்கிவிடுவார், கசக்கட்டும். ஓர் ஆள் பக்கத்தில் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தால் உடம்பின் இறுக்கம் எப்படி இறங்குகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது, இதை என்னால் திரை வழியாக யாருக்கும் கொடுக்க முடிந்ததில்லையே. ஆவுடையப்பா, உமக்குப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா. எங்கேயாவது ஓர் அறையில் நீர் இருந்தால், அந்தக் கதவுக்கு வெளியே யாராவது நிற்கட்டும், வாரேன் என்று சொல்ல வேண்டாம், என்னிடம் திரும்பி வரவும் வேண்டாம், வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு அந்த நீட்டல் வேண்டாம், நீர் இருந்தால் போதும்.

மேசைமேல் டிங் என்றது. யாரோ உள்ளே வரக் காத்திருந்தால் அப்படித்தான் ஒலிக்கும். எழுந்த வேகத்தில் முறம் கவிழ்ந்தது. கை முழுக்க எண்ணெயும் பூவின் கறையும், பார்க்க நேரமில்லை, சந்தனக் கலர் பருத்திப் புடவை, அதிலேயே அழுந்தத் துடைத்தேன், வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது, போகாவிட்டால் போகிறது. ராஜமாணிக்கம் எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழுத்தினேன். பச்சைச் சுவர். கொடியில் துண்டு. ஆவுடையப்பன். தோளுக்கு மேலே, ஆனால் இருந்தார், மூச்சு விட்டுக்கொண்டு இருந்தார். "கேக்குதா மேடம்?" கேக்குது, சொல்லுங்க, கேக்குது. "உங்க ஆபீஸ்லருந்து கூப்பிட்டாக, எடுக்கல. அதுக்காக வரல மேடம். ஒரு விசயம், அதைச் சொல்லிட்டுப் போயிருதேன்." கண் ஓரமாகப் பக்கவாட்டில் பார்த்தார். "இன்னைக்கு வண்டியை எஃப்.சி.க்குக் குடுத்துட்டேன்லா, ஒர்க்ஷாப்புல பெயிண்ட் அடிக்கக் கெடக்கு, ஸ்கூல் போனும் அதுக்குள்ளயே போயிட்டு. அதான் வீட்டுல இருந்து பேசுனேன். பேசி முடிச்சிட்டுக் கதவைத் தொறந்தா, கோமு நிக்கா. என் வீட்டுக்காரி மேடம். கதவுகிட்டயே நிக்கா, எவ்வளவு நேரமா நிக்கான்னு தெரியல. எல்லாத்தையும் கேட்டிருக்கா." எனக்கு ஒரு பக்கம் பதறியது, அவர் இத்தனை வாரமாகக் கட்டிக் காத்த ரகசியம், வீட்டிலிருந்து பேசினால் இப்படி ஆகும் என்று எத்தனை பேருக்கு எச்சரித்திருக்கிறேன். கோபப்பட்டாங்களா என்றேன். "ஒண்ணும் கேக்கல மேடம். என்ன, ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னா. பெறகு, யாருகிட்டயோ போறேன்னு சொல்லிட்டு வாரீகளே, அது என்ன பேச்சு, திரும்பக் கூப்பிட்டு வாரேன்னு சொல்லுங்கன்னா. சொல்லாம என்னை நகரவே விடல."

எவ்வளவு படித்தேன், எத்தனை கேள்விகள் மனப்பாடம், நான் எழுந்து போய் எண்ணெய் தடவி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்த ஒன்றை, அந்தப் பெண் ஒரு மரக்கதவின் வழியாக அந்த நொடியே கேட்டிருக்கிறாள். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். ஆவுடையப்பன், போறேன்னு சொன்னப்ப உங்க மனசுல என்ன இருந்துச்சு? அவர் கீழே பார்த்தார். இணைப்பு நின்றுவிட்டதோ என்று பயந்தேன், இல்லை, துண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "வாரதா நெனப்பு இல்ல மேடம்" என்றார். என்கிட்ட வரதில்லைன்னா, இல்ல, உயிரோடவே இருக்க வேண்டாம்னா? பக்கவாட்டில் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "ரெண்டாவதுதான்." முதல் தடவையாக அதைச் சொன்னார். சொன்னதும் அவருடைய தோள் கொஞ்சம் இறங்கியது. இப்ப எப்படி இருக்கு என்று கேட்டேன். "இப்ப கோமு பக்கத்துல நிக்கா." அவங்களை உட்காரச் சொல்லுங்க, முடிஞ்சா இன்னிக்கு முழுசும் கூடவே இருக்கட்டும் என்றேன். இழுபட்ட நாற்காலியின் சத்தம் கேட்டது, அரைமுகமாக ஒரு பெண் சதுரத்துக்குள் வந்தாள், நெற்றியில் திருநீறு, கண் சிவந்திருந்தது, என்னை நேராகப் பார்க்கக் கூச்சப்பட்டு அவர் காதில் ஏதோ சொன்னாள். "மேடம் சாப்பிட்டாச்சான்னு கேக்கச் சொல்லுதா" என்றார். இன்னும் இல்லை, வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன் என்றேன். அவள் சட்டென்று என் பக்கம் திரும்பி, "கள்ளனை எடுத்துட்டீகளா?" என்றாள். கொஞ்சம் பாக்கி இருக்கு என்றேன். நாங்கள் மூன்று பேரும் நிறையப் பேசினோம், மருத்துவர் ஒருவரை நேரில் பார்ப்பது பற்றி, நாளைக்கே பார்ப்பது பற்றி, ஊர் பேர் என்ன, தெரு என்ன, கோமுவின் எண் என்ன, எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டேன், இத்தனை நாள் தெரியாமலிருந்த ஊருக்கு ஒரு பேர் கிடைத்தது. நடுவில் அவள் குனிந்து கீழே பார்ப்பதைக் கவனித்தேன். கேமராவுக்கு எட்டாத இடம். என்ன பார்க்கறீங்க கோமு என்றேன். "கால் மேடம்" என்றாள், "மிதிச்சுக்கிட்டே இருக்கு. நான் என் காலை அது மேல வச்சிருக்கேன்." மணி அடித்தது, அறை மூடப்போகிறது என்று திரையில் எழுத்து ஓடியது. ஆவுடையப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், அவள் தலையை ஆட்டினாள், பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சொல்லு என்பது போல.

"வாரேன் மேடம்" என்றார்.

வாங்க என்றேன்.